டோல்ஃபியின் தோட்டத்தில் மூன்றாவது கம்பி

தோமொஹோன்,
செப்டம்பர் 1987, ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம்.

என் மெய்ஸ்கேவுக்கு,

மார்க்குஸ் சொல்கிறேன், நம் பின்னறையில் குடியிருக்கும் வோனி டீச்சர் எழுதுகிறார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் திருத்தக் கூடாது என்று பேசித்தான் உட்கார வைத்திருக்கிறேன். இதில் முரடாக ஏதும் இருந்தால் அது என்னுடையது. எழுத்து அழகாக இருந்தால் அது அவருடையது. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி. மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அவன் சத்தம் போட்டுப் படிப்பான், நீங்கள் இருக்கும் தீவு முழுக்கக் கேட்கும். ஊர் கேட்கும்படி பேசிவிட்டு நான் பட்ட பாடு போதும். அதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

நீ, மகள் யோலா, மாப்பிள்ளை எர்மானுஸ், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேரன், எல்லாரும் சுகம்தானே? இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறது. கிராம்பு பறித்துக் காயவைத்தாகிவிட்டது, இந்த வருஷம் மணம் நன்றாக இருக்கிறது. உன் பூனை சுகம். பன்றியும் சுகம். நடுவில் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டது, தானாகத் திரும்பி வந்தது. வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவது நல்ல பழக்கம் என்று அதைத் தட்டிக்கொடுத்தேன். டீச்சர் இதை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொல்லிவிட்டேன்.

நீ போகும்போது என்ன சொன்னாய்? மகளுக்குப் பிரசவம் முடிந்து அவள் எழுந்து நடமாடினதும் அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் என்றாய். இப்போது பையனுக்குப் பல் முளைக்கிறதாம். கப்பல் வருகிறது, கொப்பரை மூட்டை இறங்குகிறது, நீ இறங்கவில்லை. கடைசியில் அந்தக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஆள் உன் வார்த்தையைக் கொண்டுவந்தான். அதை என் காதோடு சொல்லியிருக்கலாம். சந்தையில் மீன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, புகைபோட்ட சூரை மீனைக் கையில் வைத்துக்கொண்டு, “மார்க்குஸ் மாமா, உங்க வீட்டம்மா சொல்லிவிட்டாங்க. என் தம்பிகிட்ட அந்த மனுஷன் வாயைத் திறந்து பேசற வரைக்கும் நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னாங்க” என்று கத்தினான். மீன்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மீன் வாங்காமலே வந்துவிட்டேன்.

உன் தம்பி டோல்ஃபிக்கும் எனக்கும் என்ன என்று உனக்குத் தெரியாததா. ஆனாலும் நீ அந்த இடத்தில் இல்லை, நான் இருந்தேன். கீழ் ஊரில் நன்றித் திருநாள். மழை தூறிக்கொண்டிருந்தது. விருந்து வைத்த வீட்டில் பன்றியை ஒரு பக்கம் கருக்கிவிட்டிருந்தார்கள். நம் மூங்கில் வாத்தியக் குழு வாசலில் நின்று வாசிக்கிறது. நான் பெரிய ஊதுகுழல், உன் தம்பி தலைவன், கையில் குச்சி. இரண்டாவது பாட்டின் நடுவில் குச்சியை நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், “அத்தான், நீங்க எப்பவும் ஒரு அடி பிந்தித்தான் வர்றீங்க. அந்தக் குழலை இறக்கி வெச்சிட்டு மத்தளத்தைத் தூக்கிக்கங்க” என்றான். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையில் மேல் பித்தான் இல்லை, அது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. நான் குழலை இறக்கி வைத்தேன். மத்தளத்தைத் தூக்கவில்லை. நடந்து வீட்டுக்கு வந்தேன். ஆறு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஊரார் மாறி மாறிக் கூடி உழைக்கும் மாப்பாலுஸ் முறையில் அவன் வயலுக்கு வேலை செய்யும் நாள் வந்தால் நான் உன்னை அனுப்புவேன், என் வயலுக்கு என்றால் அவன் பெண்டாட்டியை அனுப்புவான். முறை தவறவில்லை, பேச்சுதான் இல்லை.

சமையல்காரன் சொன்னதைக் கேட்ட அன்றைக்கு நான் ஒரு திட்டம் போட்டேன். டீச்சர் அறையில் ஒரு ரேடியோ இருக்கிறதே, அவரே கையால் கட்டினது, கண்ணாடிக் குழாய்கள் மினுக் மினுக்கென்று எரியும், பூனை சூட்டுக்காக அதன் மேல் தூங்கும், நீ கூட அதை இஸ்திரிப் பெட்டி என்பாயே, அதேதான். அதை வைத்துப் பேச அரசாங்கம் உரிமம் கொடுத்திருக்கிறது. நம் மாப்பிள்ளைக்கும் அதே உரிமம் உண்டு என்றும், சனிக்கிழமை சாயந்திரம் தீவுக்காரர்கள் கூடிப் பேசும்போது அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வருகிறது என்றும் டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். வெண்ணெய்ப்பழ மரத்தில் கட்டின கம்பி காற்றில் ஆடி ஆடி அறுந்துபோகிறது, முற்றத்தில் ஒரு கோபுரம் நட்டு உயரத்தில் கம்பியைக் கட்டினால் நன்றாகக் கேட்கும் என்று அவர் எத்தனை நாளாகக் கெஞ்சினார். நான்தான், “என் வீட்டைக் கப்பல்னு நெனச்சீங்களா, பாய்மரம் நடறதுக்கு?” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயந்திரம் நானே போய்க் கதவைத் தட்டி, நட்டுக்கொள்ளுங்கள் என்றேன். திடீரென்று ஏன் என்று கேட்டார். வீட்டுக்குக் கம்பீரமாக இருக்கும் என்றேன். டீச்சர் நம்பவில்லை. ஆனால் நான் மனம் மாறுவதற்குள் குழி தோண்ட ஆள் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளதைச் சொன்னால், உன் தம்பியிடம் பேசாமலே உன்னிடம் பேசிவிடலாம் என்பதுதான் என் திட்டம். ரேடியோவில் என் குரலைக் கேட்டால் உன் மனசு இளகும், கப்பல் ஏறிவிடுவாய், டோல்ஃபி வேலிக்கு அந்தப் பக்கமே கிடக்கட்டும் என்று இருந்தேன்.

ஆனால் கோபுரம் என்பது தனியாக நிற்காது, மெய்ஸ்கே. அதை நான் அறியவில்லை. பெர்ட்டியின் பட்டறையில் இரும்புக் குழாயை மூன்று மூன்றாக வைத்துக் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஏணி மாதிரி மூன்று துண்டு செய்துவிட்டோம். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் தேவாலயக் கூரைக்கு மேலே போகும். அதைப் பிடித்து நிறுத்த மூன்று பக்கம் இழுகம்பி வேண்டும், மூன்றும் ஒரே தூரத்தில் மண்ணில் இறங்க வேண்டும் என்றார் டீச்சர். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு அளந்தோம். முதல் முனை நம் கிராம்புக் களத்தில் விழுந்தது. இரண்டாவது சாலையோரத்தில் நம் எல்லைக்குள்ளே. மூன்றாவது வேலியைத் தாண்டி உன் தம்பியின் மிளகாய்ப் பாத்தி நடுவில் போய் நின்றது. கோபுரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதாவது ஒரு முனை அவன் மண்ணுக்குத்தான் போகிறது. உன் அப்பா இரண்டு பேருக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த லட்சணம் அப்படி.

டீச்சர் போய்க் கேட்டார். உன் தம்பி பதில் சொல்லி அனுப்பினான்: “கம்பி யாருக்கு வேணுமோ அவரு வந்து கேக்கட்டும். டீச்சரம்மா, நீங்க காபி குடிச்சிட்டுப் போங்க.” டீச்சர் காபி குடித்துவிட்டு வந்தார். நான் என்ன செய்தேன்? அவன் மண் வேண்டாம், வேலிக்கு இந்தப் பக்கம் பன்றித் தொழுவத்தின் மூலைக்கால் இருக்கிறது, அதில் கட்டு என்றேன். கிட்டத்தில் கட்டினால் பிடிப்பு இருக்காது, தொழுவத்துக் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காலை நட்டவன் நான், அது அசையாது என்றேன்.

நாள் குறித்து மாப்பாலுஸ் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். என் முறை பாக்கி இருந்தது, யாரும் மறுக்க முடியாதே. டோல்ஃபி பெண்டாட்டி வழக்கம் போல அவனுக்குப் பதிலாக ஒரு பானை மிளகாய் மீனோடு வந்து நின்றாள். அவன் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, முதுகைக் காட்டினபடி உட்கார்ந்திருந்தான். ஆனால் எதிரே சுவரில் சவரக் கண்ணாடியை மாட்டி வைத்துக்கொண்டான். சவரம் செய்கிறானாம், அரை நாளாக. போதகர் ஜெபம் செய்தார். இடி இந்தக் கோபுரத்தைத் தேடி வந்துவிடுமோ என்று பாடகர் குழு ஆல்சே அம்மாளுக்குப் பயம். கோபுரத்தின் அடியிலிருந்து செப்புப் பட்டை மண்ணுக்குள் போகிறது, இடி வந்தாலும் அந்த வழியாக இறங்கிப் போய்விடும் என்று டீச்சர் சொல்லிச் சமாதானம் செய்தார். போதகர் அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

முதல் துண்டு நின்றது. இரண்டாவது துண்டு நின்றது. பெர்ட்டி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறி, கப்பி போட்டு மூன்றாவது துண்டை இழுத்து மேலே பொருத்தினான். மூன்று பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறோம். நான் களத்துப் பக்கத்துக் கயிற்றில். தொழுவத்துப் பக்கத்துக் கயிற்றை மூலைக்காலில் சுற்றியிருந்தோம். அந்த நேரம் பார்த்து லோக்கோன் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பியது. கோபுரம் முனகியது. அடுத்தது தொழுவத்துக் கால் மண்ணை விட்டு எழுந்தது, நான் நட்ட கால். கதவு திறந்து பன்றி வெளியே பாய்ந்து போதகரின் காலுக்கிடையில் புகுந்து சாலைக்கு ஓடிவிட்டது. கோபுரம் பெர்ட்டியோடு சேர்ந்து நம் சமையலறைக் கூரைப் பக்கம் சாய்கிறது.

உன் தம்பி வேலியைத் தாண்டி வந்ததை நான் பார்க்கவில்லை. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அவன் அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துவிட்டிருந்தான். பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து, வேலியை மிதித்து, தன் மிளகாய்ப் பாத்திக்குள் போய், அங்கிருந்த ஜாதிக்காய் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். “எல்லாரும் என் குரலைக் கேளுங்க! ஆளாளுக்கு இழுக்காதீங்க! களத்துப் பக்கம் விடு! ரோட்டுப் பக்கம் விடு! நான் இழுக்கறேன்! ஒண்ணு, இப்ப! ஒண்ணு, இப்ப!” என்று கத்தினான். வாத்தியக் குழுவுக்குத் தாளம் சொல்வானே, அதே குரல். அந்தக் குரலுக்கு இந்த ஊரில் எல்லார் கையும் பழகியிருக்கிறது. ரோட்டுப் பக்கத்தார் விட்டார்கள். நான் விடவில்லை. விட்டால் விழுந்துவிடுமோ என்று பயம். “அத்தான், விடுங்கன்னா விடணும்! இன்னமும் ஒரு அடி பிந்தியே வர்றீங்களே!” என்றான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “நான் பிந்தலைடா, நீ முந்தறே! அன்னைக்கும் நீதான் முந்தினே!” என்றேன்.

மேலேயிருந்து பெர்ட்டி கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே! யாரு முந்தினா யாரு பிந்தினான்னு நான் எறங்கினப்புறம் வெச்சுக்கங்களேன்! எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு!” என்று அழுதான். கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் என் கயிற்றைத் தளர்த்தினேன், சிரித்துக்கொண்டே அவன் சொன்னபடி விட்டும் இழுத்தும் வந்தோம். உன் தம்பி ஒரு கையில் கயிறும் மறு கையில் இல்லாத குச்சியுமாக எங்களை ஆட்டி வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கோபுரம் நிமிர்ந்தது. நீ பார்த்திருக்க வேண்டும்.

பெர்ட்டி இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்து ஒரு குவளைக் கள்ளை ஒரே மூச்சில் குடித்தான். நான் வேலியின் உடைந்த இடத்தில் நின்றேன். பாத்தி முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. “மிளகாயெல்லாம் போச்சு” என்றேன். அவன் முகத்து நுரையைத் தோளால் துடைத்துக்கொண்டு, “மிளகாய் மறுபடி மொளைக்கும். கம்பி கட்டற முளையை எங்க அடிக்கப் போறீங்க?” என்றான். “நீயே சொல்லு” என்றேன். இந்த ‘நீயே சொல்லு’வை நான் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெய்ஸ்கே. மெதுவாகத்தான் சொன்னேன். அது சண்டை இல்லை, பேச்சு. அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றை மறுபடி அளந்து அவன் பாத்தியில் முளையை அடித்தோம், நான் பிடிக்க அவன் சம்மட்டியால் அடித்தான். என் விரல் பத்திரமாகத்தான் இருக்கிறது. அவன் மண்ணுக்கு விலையாக நான் வாத்தியக் குழுவுக்குத் திரும்பி வர வேண்டும் என்றான். பெரிய குழல் கொடுத்தால் வருவேன் என்றேன். யோசிக்கிறேன் என்றான். யோசித்துக் கொடுத்துவிட்டான்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அவன் இங்கேதான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, உன் கிராம்பை எடுத்து மென்றுகொண்டிருக்கிறான். தானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எழுதிவிடுங்கள் டீச்சர்: “அக்கா, அத்தான் பேசிட்டாரு. இப்ப நிறுத்தத்தான் முடியல. காலையில வேலிக்கிட்ட நான் வந்ததும் ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் வாய் ஓயல. ஊதுகுழலும் பழையபடி ஒரு அடி பிந்தித்தான் வருது. நீ வந்து இவரைக் கூட்டிட்டுப் போ.” எங்கே கூட்டிக்கொண்டு போவதாம்? அவனுக்கு எப்போதும் பாதிப் பேச்சுதான் வாயில் வரும்.

இனி சொல்வது போன வாரச் சனிக்கிழமை நடந்தது; நேற்று இடிமழை, டீச்சர் ரேடியோ போடவில்லை. கோபுரத்து உச்சியில் கம்பி கட்டி, இரண்டு பக்கமும் கூடார முகடு மாதிரி இறக்கி, டீச்சர் ரேடியோவில் உட்கார்ந்து கூப்பிட்டார். மாப்பிள்ளை உடனே வந்தான். “மாமா, பக்கத்து வீட்டுல இருந்து பேசற மாதிரி கேக்குது!” என்றான். டீச்சர் பேசும் கருவியை என் கையில் கொடுத்து, பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், முடிந்ததும் ‘ஓவர்’ என்று சொல்லி விரலை எடுக்க வேண்டும், எடுத்தால்தான் அந்தப் பக்கத்துக் குரல் வரும் என்றார். நான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பொத்தானை அழுத்தின சத்தம் கேட்டது, பேச்சு வரவில்லை. பிறகு, “அத்தை வந்து... பாப்பாவைக் குளிப்பாட்டப் போயிருக்காங்க மாமா. ஓவர்” என்றான்.

சாயந்திரக் கடல் காற்றில் பல் முளைக்கிற குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளா நீ? யோலாவைக் காலை வெயிலில் தவிர ஒரு நாளும் நீ குளிப்பாட்டினதில்லை. அதோடு அவன் பேசாமல் இருந்த இடைவெளியில் பின்னால் ஒரு இருமல் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இருமலைக் கேட்டு வருகிறேன், எனக்குத் தெரியாதா. டோல்ஃபியிடம் பேசிவிட்டேன் என்று நான் சொன்னாலும், ரேடியோவில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்று நினைத்திருப்பாய். அல்லது அத்தனை தீவுக்காரர்களும் கேட்பார்களே என்று கூசியிருப்பாய். எதுவாக இருந்தாலும் நான் பொத்தானை அழுத்தினேன், பேசினேன். நீ குளிப்பாட்டிக்கொண்டே கேட்டுக்கொள் என்று பேசினேன். ஓவர் சொல்ல மறந்துவிட்டேன். விரலை எடுக்கவும் மறந்துவிட்டேன். டீச்சர் முதலில் சைகை காட்டினார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் எதிரே தேவாலயத்தில் பாடகர் குழு பயிற்சி. புதிதாக ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறார்கள், அதன் நீளமான ஒயர் சுவரெல்லாம் ஓடுகிறது. ரேடியோ அலை அந்த ஒயரில் புகுந்துகொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? டீச்சருக்கும் அன்றுதான் தெரிந்தது. பெண்கள் இரண்டாவது சரணம் எடுக்கிற சமயத்தில் கூரை மேலிருக்கிற இரண்டு குழாயிலும் என் குரல் கிளம்பியிருக்கிறது. பாட்டு நின்றுவிட்டது. சந்தை முக்கு வரை கேட்டிருக்கிறது. டோல்ஃபி என்னை நிறுத்த ஓடி வந்தான். ஆனால் அறை வாசல் வரை வந்தவன் நிறுத்தவில்லை, படியில் உட்கார்ந்துகொண்டான். “ஊரே கேட்டுதே, ஏண்டா வந்து சொல்லல?” என்று பிறகு கேட்டேன். “நீங்க முடிக்கட்டும்னுதான்” என்றான். அவன் கண் சிவந்திருந்தது. மிளகாய்ப் பாத்தியில் வேலை செய்துவிட்டுக் கண்ணைத் தேய்த்திருப்பான்.

அன்றைக்கு என்ன பேசினேன் என்பதை இந்தக் கடிதத்தில் சொல்லப்போவதில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்ல என்னால் ஆகாது. உனக்குத் தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள், இந்த ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மறுநாள் மீன்காரி என்னைக் கூப்பிட்டு, “மார்க்குஸ் மாமா, கட்டில்ல அக்கா படுக்கற பக்கம் அரிசி மூட்டையைப் போட்டு வெச்சிருக்கீங்களாமே, மூட்டை குறட்டை விடுதா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாங்கின மீனுக்கு மேல் இன்னொரு மீனையும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். என் கஞ்சி அடிப்பிடிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன் போல. அன்றிலிருந்து பாடகர் குழுவில் ஆளுக்கொரு நாளாகப் பூசணிக் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆல்சே அம்மாள் பானையை வைத்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இன்று காலை ஆராதனையில் போதகர் அறிவிப்பு வாசிக்கும்போது, “நம் ஒலிபெருக்கி இப்போ நல்லா வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார். முன் வரிசை முழுவதும் குலுங்கியது.

நான் கோபித்துக்கொண்டேனா என்று கேட்கிறாயா? இல்லை. ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இத்தனை பேர் கேட்டார்களே, நீ கேட்டாயா? டீச்சர் என் விரலைப் பிடித்து எடுத்த பிறகு மாப்பிள்ளை, “சரிங்க மாமா, கேட்டோம். ஓவர்” என்றான். கேட்டோம் என்றான். அதில் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஒரு வாரமாக நான் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யோலாவுக்கு: காரம் குறைத்துச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள். மாப்பிள்ளைக்கு: உங்கள் வீட்டுக் கம்பத்துக்கும் இழுகம்பியைத் தூரத்தில் இறக்குங்கள், தொழுவத்தில் கட்டாதீர்கள். பேரனுக்கு ஒரு மூங்கில் குழல் செதுக்கி வைத்திருக்கிறேன், பல் முளைத்ததும் கடிக்கலாம், பெரியவனானதும் ஊதலாம். ஆண்டவர் அவனுக்கு நல்ல மூச்சைக் கொடுக்கட்டும்.

நீ வா என்று நான் சொல்லவில்லை. மகள் கைக்குழந்தைக்காரி, உன் கை அங்கே வேண்டும், எனக்குப் புரிகிறது. கப்பல் சமையல்காரன் சொன்னதை மட்டும் சொல்கிறேன்: டிசம்பர் வரை கடல் குளம் மாதிரி இருக்குமாம், திரும்புகிற பயணத்தில் மேல்தளத்தில் பாய் விரிக்க இடம் தாராளமாம். சும்மா சொல்லி வைத்தேன். அரிசி மூட்டையையும் எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டேன், எலி வருகிறது என்பதற்காக.

கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற சனிக்கிழமை சாயந்திரம், மாப்பிள்ளை ரேடியோ போடும்போது, நீ பக்கத்தில் உட்கார். குழந்தையை மடியில் வைத்துக்கொள், குளிப்பாட்ட வேண்டாம். தேவாலயத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அந்த ஒயரில் புகுவது என் குரல்தான், உன்னுடையது புகாதாம். என் குரலும் புகாமல் ஒலிபெருக்கியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு டோல்ஃபி அங்கேயே காவலுக்கு நிற்பான். பாடகர் குழு பெண்கள்தான் பிடுங்கக் கூடாது என்று அவனோடு சண்டைக்கு நிற்கிறார்கள்.

நீ பேச வேண்டாம், மெய்ஸ்கே. எத்தனையோ பேர் கேட்கிற இடத்தில் பேசு என்று உன்னைக் கேட்பது நியாயமில்லை. அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தி எடு. இங்கே ‘டக்’ என்று கேட்கும், டீச்சர் காட்டியிருக்கிறார். ஒரு தடவை அழுத்தினால் நீங்கள் எல்லாரும் சுகம் என்று எடுத்துக்கொள்வேன், சந்தோஷமாக எழுந்து போய்க் கஞ்சி குடிப்பேன். இரண்டு தடவை அழுத்தினால் என்ன என்பதை எழுத வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். உனக்கே தெரியும்.

அந்தக் கருவிக்குப் பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,

உன் மார்க்குஸ்.